பென்டிரைவுக்குப் பொட்டு வைத்த வெள்ளிக்கிழமை

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், அது சாயும், இதுல உக்காருங்க. மணி பத்து நாப்பதுதான் ஆச்சு. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல உங்க டோக்கன் பன்னெண்டு அம்பதுக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னெண்டு ராகு காலம். உங்களுக்கு அதுல நம்பிக்கை இல்லையா? நல்லது, இல்லாம இருங்க. எனக்கு இருக்கு. முப்பத்திரண்டு வருஷமா பத்திரம் எழுதறேன், ராகு காலத்துல ஒரு தாள் பிரிண்ட் எடுத்ததில்ல. அடிக்கிறது தப்பில்ல, அடிக்கலாம். பத்தேகாலுக்கே உங்க கிரையப் பத்திரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டு ரெண்டு வரி அடிச்சு வெச்சிட்டேன் பாருங்க. ஆரம்பிச்சாச்சுன்னா நடுவுல ராகு வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது, அவன் ஓரமா நின்னுட்டுப் போவான்.

ஒத்த விரல்ல அடிக்கிறேனேன்னு பாக்கறீங்க. தெரியுது. வாசல்ல நுழையும்போதே கேட்டீங்களே, இங்க ஒரு அம்மா வேகமா அடிப்பாங்களே, எங்கன்னு. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. போர்டுல என்ன எழுதியிருக்கு? ஆ. தெய்வசிகாமணி, ஆவண எழுத்தர். அதுக்குக் கீழ எங்கயாவது 'வேகமா அடிக்கிற அம்மா'ன்னு எழுதியிருக்கா? இல்லையில்ல. அந்த அம்மா போயிட்டா. ஏன் போனான்னு சொல்றேன், கேட்டுட்டு தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது.

பேரு சகாயராணி. பதினோரு வருஷம் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தா. வந்த புதுசுல சாதாரணமாத்தான் அடிச்சா. அப்புறம் ஒருநாள் பஸ் கதவுல வலது கை மாட்டிக்கிச்சு. மூணு விரல் மடங்காது. நான் வேற ஆள் பாத்திருக்கலாம், பாக்கலியே, எழுதி வெச்சுக்கங்க, நான் பாக்கல. அவளா உக்காந்து இந்தக் கம்ப்யூட்டரையே தன் கைக்குத் தோதா மாத்திக்கிட்டா. ஷிஃப்ட் கட்டைய ஒரு தட்டு தட்டினாப் போதும், அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. மவுஸு இடது கைக்கு. எழுத்து பெருசு. இந்த மவுஸால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் ஒண்ணை க்ளிக் பண்ணுவேன், அது வேற ஒண்ணைத் தொறக்கும். அத்தனை வருஷமும் என் சொந்த ஆபீஸ்ல என்னால ஒரு ஃபைலத் தொறக்க முடியல.

ஆனா ஒண்ணு இருந்துச்சு தம்பி, அதை ஒத்துக்கணும். குறுக்கெழுத்து. பத்திரத்துல நாம எழுதறது பூரா திரும்பத் திரும்ப வர்றதுதானே. "இன்று முதல் தாங்களும் தங்கள் வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." இதை ஒருத்தன் விரல்ல அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவனுக்கே பௌத்திரன் பொறந்துடுவான். அவ 'புபௌ'ன்னு ரெண்டெழுத்து அடிச்சு இடைவெளி விடுவா, மொத்தமும் வந்து விழும். 'வில்'னு அடிச்சா வில்லங்கம் ஒண்ணுமில்லைங்கிற பாரா முழுசும். எல்லை அளவு, கிணத்துப் பங்கு, வண்டிப்பாதை, எல்லாத்துக்கும் ஒவ்வொண்ணு. அப்படி அறுநூத்திச் சொச்சம் சேத்து வெச்சிருந்தா. இருபது நிமிஷத்துல ஒரு பத்திரம். பத்திரம் எழுத வந்த கட்சிக்காரன் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். நிலக்கோட்டையில இருந்தெல்லாம் நம்மகிட்ட வந்தாங்கன்னா, என் பேரைக் கேட்டுத்தான் வந்தாங்க, இருந்தாலும் அவளும் ஒரு காரணம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சித்திரையிலயே இந்த மெஷின் படுத்துக்கிச்சு. ஒரு பக்கம் தொறக்கப் பத்து நிமிஷம். ஜெயசீலன்னு ஒருத்தன், கம்ப்யூட்டர் ரிப்பேர், நாப்பது வயசு ஆளு, பஸ் ஸ்டாண்டுகிட்ட கடை. அவன் வந்து பாத்துட்டு, "அண்ணே, உள்ள இருக்கிற சிஸ்டம் பழசு. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசு போட்டாத்தான் ஓடும்"னான். சகாயம் சொன்னா, "சார், ஆடியில பண்ணிடலாம், ஆடியில பத்திரம் வராது, சும்மாதானே இருப்போம்." எப்படிப் பேச்சு பாருங்க. ஆடியில எவனாவது புதுசா ஒண்ணைப் போடுவானா? அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, அவங்களுக்கு எந்த மாசமும் ஒண்ணுதான். நான் ஆவணி பொறக்கட்டும்னுட்டேன். ஆவணி பொறந்துச்சு. முதல் வெள்ளிக்கிழமை. முகூர்த்த நாள் வேற, பதினோரு பத்திரம் கையில. வர்றேன்னு சொன்ன ஜெயசீலன் ஒன்பது மணிக்கு வந்திருந்தா எதுவுமே நடந்திருக்காது. பத்து முப்பத்தஞ்சுக்கு வந்தான். தப்பு அங்கயே ஆரம்பிக்குது, கவனிங்க.

அவன் வர்றதுக்கு முன்னாடியே சகாயம் ஒரு கட்சிக்காரரைக் கூட்டிக்கிட்டு எதிர்ல ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்துச்சு. போறப்ப என் கையில ஒரு பென்டிரைவைக் குடுத்தா. "சார், முதல்ல என் செட்டிங்ஸ் எல்லாத்தையும் இதுல எடுத்துட்டுத்தான் அவர் மெஷின்ல கை வைக்கணும். மறந்துடாதீங்க. இதுல போன தை மாசம் எடுத்தது ஒண்ணு இருக்கு. அதுக்கப்புறம் நூத்துக்கு மேல சேத்திருக்கேன். புதுசா எடுக்கச் சொல்லுங்க." ஒரு தடவை இல்ல, மூணு தடவை சொன்னா. வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து ஒரு தடவை. எனக்கே கோவம் வந்துச்சு. எனக்கு என்ன, வயசாகி மறதி வந்துடுச்சா?

மறக்கல தம்பி. அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன், நான் மறக்கவே இல்ல. ஜெயசீலன் வந்தான். மணி பத்து முப்பத்தஞ்சு. ராகு காலம். இப்ப நான் யோசிக்கிறேன். எடுத்து வைக்கிறதுங்கிறது என்ன காரியம்? சேமிக்கிறது. பெட்டியில நகை வைக்கிற மாதிரி. சுப காரியம். ராகு காலத்துல பண்ணலாமா? கூடாது. அழிக்கிறதுங்கிறது என்ன காரியம்? அசுபம். அதைப் போய் நல்ல நேரத்துல பண்ணுவானா ஒருத்தன்? அதுக்குன்னே உள்ளதுதான் ராகு காலம். அதனால, அழிக்கிறதை ராகு காலத்துல அழிச்சிடுவோம், எடுத்து வைக்கிறதைப் பன்னெண்டு மணிக்கு மேல எடுத்து வெச்சுக்குவோம். இதுல என்ன தப்பு? கணக்கா யோசிச்சுப் பாருங்க, ஒரு தப்பும் இல்ல.

சிரிக்காதீங்க. உங்களுக்கு இப்பத் தெரியும், நான் சொல்லிட்டேன். அன்னைக்கு எனக்கு யார் சொன்னா? நான் நினைச்சேன், டீ டிரைவுல பத்திரமெல்லாம் அப்படியே இருக்கும்னு ஜெயசீலனே சொன்னானே, அதே மாதிரி செட்டிங்ஸும் எங்கயோ ஒரு மூலையில இருக்கும்னு. அவ குறுக்கெழுத்து எல்லாம் கீபோர்டுக்குள்ள இருக்கும்னு ஒரு எண்ணம். அவ விரல் பட்டுத்தானே வருது. ஜெயசீலன் கேட்டான், "அண்ணே, எடுத்து வைக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?" "இருக்கு, அதை நான் பாத்துக்கறேன், பன்னெண்டு மணிக்கு மேல. நீ உன் வேலையப் பாரு"ன்னேன். அவன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "அழிச்சப்புறம் எதை எடுப்பீங்க"ன்னு கேட்டிருக்கணுமா இல்லையா? கேக்கல. நான் ஏதோ வேற காகிதத்தைச் சொல்றேன்னு நினைச்சுட்டானாம். அன்னைக்கு அவனுக்கு இன்னும் ஏழு கடை பாக்கி. அழிச்சான், புதுசைப் போட்டான், நெட்டைக் கோத்தான், போயிட்டான்.

பன்னெண்டு இருபது. கௌரி நல்ல நேரம். நான் கை கால் கழுவிட்டு வந்து உக்காந்தேன். பென்டிரைவைச் சொருகினேன். உள்ள பழசு ஒண்ணு இருந்துச்சு, தை மாசத்தது. பழசு மேல புதுசை வைக்கலாமா? எச்சப் பாத்திரத்துல சாமிக்குப் படைப்பாங்களா? அதை அழிச்சேன். சுத்தமா. அப்புறம் அதை வெளிய எடுத்து அந்தத் தகரத்துல, அதான் சொருகற இடம், அதுக்கு ஒரு குங்குமப் பொட்டு வெச்சு, மறுபடி சொருகி, ஜெயசீலன் எப்பவோ சொல்லிக் குடுத்தபடி மொத்தத்தையும் எடுத்து வெச்சேன். அரை நிமிஷத்துல முடிஞ்சுது. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். புது மெஷின், வேகம்னு நினைச்சேன். மவுஸு கூட நேராயிடுச்சு, க்ளிக் பண்ணினது தொறந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

சகாயம் பன்னெண்டே முக்காலுக்கு வந்தா. பின்னாடியே நாலு கட்சிக்காரங்க. உக்காந்தா, 'புபௌ'ன்னு அடிச்சா, இடைவெளி விட்டா. 'புபௌ' அப்படியே நின்னுச்சு. அழிச்சிட்டு மறுபடி அடிச்சா. அப்படியே நின்னுச்சு. ஷிஃப்ட்டைத் தட்டினா, அது கேக்கல. மவுஸை எடுத்து இடது பக்கம் வெச்சா, வேற எதுவோ தொறந்துச்சு. எனக்கு நடக்கிறது மாதிரியே. என்னைத் திரும்பிப் பாத்தா. "சார், எடுத்தீங்களா?" "எடுத்தேன்மா, கௌரி நல்ல நேரத்துல எடுத்தேன்." "அவர் அழிக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அப்புறம்னேன். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. பென்டிரைவைக் கையில எடுத்து அந்தப் பொட்டைப் பாத்தா. "பழசாவது இருக்கா சார்?" பழசை அழிச்சுச் சுத்தம் பண்ணினதைச் சொன்னேன். கட்சிக்காரங்க நாலு பேர் முன்னாடி அழுதா. நான் என்ன அவ நகையவா திருடிட்டேன்? ரெண்டெழுத்து, மூணெழுத்து, போனா மறுபடி எழுதிக்கிறது. ஒரு வாரத்துல சேத்துடலாம்மான்னு தைரியம்தான் சொன்னேன். ஜெயசீலன் போன்லயே என்னைப் பிடிச்சுக் கத்தினான். "அண்ணே, ஜெராக்ஸ் எடுக்க மறந்துட்டு யாராச்சும் தாய்ப்பத்திரத்தைக் கிழிச்சுப் போடுவாங்களா, கிழிச்சதுக்கப்புறம் நல்ல நேரம் பாத்து ஜெராக்ஸ் கடைக்குப் போவாங்களா"ன்னான். அவன் வாய்க்கு இந்த உதாரணம் எப்படி வந்துச்சோ.

மறுநாள் சனிக்கிழமை வந்து கேட்டா. "சார், டீ டிரைவுல இருக்கிற பழைய பத்திரமெல்லாம் ஒரு காப்பி குடுங்க. வீட்ல உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்து மறுபடி சேத்துடறேன். அது இல்லாம இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்னால இங்க வேலை பாக்க முடியாது. வேற எங்கயும் போயும் பாக்க முடியாது." குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. சனிக்கிழமை ஒரு பொருள் நம்ம இடத்தை விட்டுப் போகலாமா? ஞாயிறு லீவு. திங்கள் அஷ்டமி. செவ்வாயில யாராவது குடுப்பாங்களா? புதன்கிழமை காலையில வாங்கிக்கம்மான்னேன். நாலு நாள் பொறுக்க முடியாதா ஒரு மனுஷிக்கு?

அது வரைக்கும் வெறுங்கையால அடிச்சா. இருபது நிமிஷப் பத்திரம் ரெண்டு மணி நேரம். ஷிஃப்ட்டை ஒரு கையால அமுக்கி, இன்னொரு கையால எழுத்தைத் தேடி. கை வீங்கிடுச்சு. ஈரத் துண்டைச் சுத்திக்கிட்டு அடிச்சா. செவ்வாய்க்கிழமை எட்டுப் பேர் காத்திருக்காங்க, ஒருத்தருக்கு டோக்கன் நேரம் போயே போச்சு. அவர் என்னைப் பேசறார், நான் என்ன பண்ணுவேன்? வாயில வந்துடுச்சு. "உன் கை சரியில்லைன்னா அதுக்கு நானா பொறுப்பு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். இதை விட மோசமாவெல்லாம் இந்த வீதியில பேசறாங்க. அவ அடிச்சிட்டிருந்த வரியை முடிச்சா, புள்ளி வெச்சா, சேவ் பண்ணினா. டிபன் பையை எடுத்துக்கிட்டா, போயிட்டா. புதன்கிழமை நான் காப்பி எடுத்துத் தயாரா வெச்சிருந்தேன். வரல. நீங்களே சொல்லுங்க, குடுக்கறேன்னு சொன்ன நாள்ல நான் குடுக்கத் தயாரா இருந்தேனா இல்லையா?

ஆறு வாரம் ஆச்சு. இப்ப நம்ம வேல்மயில்கிட்ட இருக்கா. இந்த வரிசையிலயே, ஜெராக்ஸ் கடை தாண்டி. அவனும் எழுத்தர்தான், எழுத்து சுமார்தான். முதல்ல அங்கயும் திணறிக்கிட்டுத்தான் இருந்தாளாம். அப்புறம் ஜெயசீலன் ஒருநாள் வந்து அந்தப் பென்டிரைவைக் கேட்டான். அழிச்சது கூட உள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குமாம், தோண்டி எடுக்கலாமாம். குங்குமத்தைச் சுரண்டறதுக்கே அரை மணி நேரம் ஆச்சுன்னு திட்டினான். ரெண்டு நாள் வெச்சிருந்து தை மாசத்ததைப் பூராவும் எடுத்துட்டான். அவளுக்கு ஒண்ணு குடுத்தான். கேட்டேன்னு எனக்கும் இந்த மெஷின்ல ஒண்ணு போட்டுக் குடுத்தான். அன்னையிலிருந்து அங்க மறுபடி இருபது நிமிஷம். அங்க கூட்டத்தைப் போய்ப் பாருங்க.

இங்கயும் எல்லாம் இருக்கு. இதுக்குள்ளதான் இருக்கு ஐநூறும். ஆனா எந்த எழுத்துக்கு எது வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? லிஸ்ட் குடும்மான்னு போன்ல கேட்டேன். "லிஸ்ட்டெல்லாம் கிடையாது சார், கைக்குத்தான் தெரியும்"னா. மரியாதையாத்தான் சொன்னா. அதான் நான் குத்துமதிப்பா அடிச்சு அடிச்சுப் பாக்கறேன். சிலது வரும், சிலது வராது. நேத்து 'ரா'ன்னு அடிச்சா, "சார் இப்ப பிரிண்ட் எடுக்க மாட்டார், பன்னெண்டு மணிக்கு மேல வாங்க"ன்னு வருது. கட்சிக்காரங்களுக்கு வாட்ஸப்புல அனுப்பறதுக்காம். என்னை ரெண்டெழுத்துக்குள்ள கூட வைக்கல, ஒரே எழுத்துல அடக்கிட்டா.

சரி, உங்க பத்திரத்தைப் பாப்போம். "எனக்குப் பாத்தியப்பட்டு என்"... அடுத்து என்ன வரணும்? "கைவசத்திலும் அனுபவத்திலும் இருந்து வருகின்ற." அது எல்லாப் பத்திரத்துலயும் வர்றது, அவ கட்டாயம் வெச்சிருப்பா. 'கைவ'வா இருக்குமோ? வரல. 'கை'ன்னு மட்டும் அடிச்சுப் பாப்போம். இடைவெளி. ஆ, வந்துச்சு பாருங்க.

இல்ல, இது அது இல்ல. கண்ணாடி எங்க... படிங்க தம்பி, நீங்க படிங்க.

"ஐயா, கை வீக்கமும் வலியும் அதிகமாக இருப்பதால் இன்று பிற்பகல் அரை நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ம. சகாயராணி."

இது எனக்கு வரலையே. பதினோரு வருஷத்துல இப்படி ஒரு தாள் என் மேசைக்கு வந்ததே இல்ல. வந்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும், நான் மறக்கிற ஆள் இல்லைன்னு சொன்னேனே. குறுக்கெழுத்துங்கிறது எதுக்கு வைப்பாங்க? அடிக்கடி வேணுங்கிறதுக்குத்தானே வைப்பாங்க. அப்ப அடிக்கடி அடிச்சிருக்கா. அடிச்சு, பாத்துட்டு, அழிச்சிருக்கா. நான் அந்த மேசையிலதான் உக்காந்திருந்தேன் தம்பி. இவ்வளவு தூரத்துல. அந்தத் தண்ணியை எடுங்க.

சரி. இந்தாங்க உங்க தாய்ப்பத்திரம், இந்தாங்க ஆதார் ஜெராக்ஸ், பட்டா. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க. எந்திரிங்க. ஜெராக்ஸ் கடை தாண்டி மூணாவது கதவு, சகாயராணின்னு கேளுங்க. டோக்கனுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவா. நான் அடிச்சு முடிக்க சாயங்காலம் ஆகும். ராகு காலம்தான், தெரியும், நீங்க போங்க.

ஒரு நிமிஷம். அவகிட்ட ஒண்ணு சொல்லணும். சார் லீவு குடுத்துட்டாருன்னு சொல்லுங்க. அவ இப்ப என் ஆளு இல்லதான், நான் குடுத்து ஒண்ணும் ஆகப் போறதில்லதான். இருந்தாலும் சொல்லுங்க. அரை நாள் இல்ல, முழு நாளும்னு சொல்லுங்க.